குறிப்பு வரி

ராத்திரி பதினொன்றே கால்.
பணகுடியில் ஆனிக் காற்று
மாடி அறையின் தகரக் கதவைத் தள்ளிக்கொண்டே இருந்தது,
வரட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்காமல்.
நான் ஒரு எழுத்தைத் திருத்தினேன்.
வள்ளியூரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது.
அதுவும் கட்டளை வரியில் இல்லை, குறிப்பு வரியில்.
மனுஷர் படிக்க மனுஷர் எழுதிவைத்தது,
எந்திரம் ஏறெடுத்தும் பார்க்காது.

அனுப்பினேன்.

கிட்டங்கி வாசலில் ஒரு காவல்காரன் உண்டு.
போன தையில் நான்தான் நிறுத்தினேன்.
உள்ளே எது மாறினாலும் எழுந்துகொள்வான்.
என்ன மாறிற்று என்று கேட்கமாட்டான்.
மாறிற்றா? அது போதும் அவனுக்கு.

மும்பையில் எங்கோ ஒரு புது மெஷின் கண் விழிக்கிறது.
பெயர் கிடையாது, எண்தான்.
அதற்கு லினக்ஸ் ஊட்டி, கடிகாரம் சரிசெய்து,
காற்றாடியோடு பேசும் பாஷை சொல்லிக்கொடுத்து,
சாவி கொடுத்து, கொடுத்த சாவியைப் பிடுங்கி,
சோதித்து, மறுபடி சோதித்து,
அசையாதே என்று நிறுத்தி ஒரு படம் எடுக்கிறார்கள்.
எடுத்த கையோடு அதைக் கொன்றுவிடுகிறார்கள்.
பதினாலு நிமிஷ ஆயுசு.
படத்துக்குச் சாவில்லை.
ராதாபுரம் தாண்டி முந்நூற்றுப் பன்னிரண்டு காற்றாடி,
ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு பெட்டி,
விடிந்தால் எல்லாப் பெட்டியும் அந்த ஒரே முகத்தோடு எழும்.

ஆபீஸில் இமேஜ் என்போம்.
படிமம் என்று ஒருதடவை மீட்டிங்கில் சொல்லிவிட்டேன்.
'கவிதையா எழுதுதீங்க?' என்றார் மந்திரமூர்த்தி.

அவர்தான் இப்போது போனில்.
இருநூற்று ஏழாம் காற்றாடிக்கு அடியில் நிற்கிறார்,
மடியில் லேப்டாப், டவர் ஒரே ஒரு கோடு.
'காத்து அளவு ஃபைலு போச்சா போகலையான்னு தெரியல.
அதான் மூணு மட்டம் ஏத்திட்டேன். தப்பா?'
'தப்பில்ல அண்ணாச்சி. மூணு மெஷின் பொறந்திருக்கு.'
கொஞ்ச நேரம் போனில் காற்று மட்டும் பேசியது.
'மூணும் ஒண்ணுபோலயா?'
'அச்சு அசல்.'
'அப்ப ரெண்ட யாரு பாப்பா?'

பதில் சொல்லுமுன் கரண்ட் போயிற்று.
முந்நூற்றுப் பன்னிரண்டு காற்றாடி சுற்றும் ஊரில்
தெரு முழுக்க இருட்டு. யாரும் ஆச்சரியப்படவில்லை.
எதிர்வீட்டில் ஒருவர் விசிறியைத் தேடினார்.
யுபிஎஸ் கத்தத் தொடங்கியது.

சென்னையிலிருந்து கௌசல்யாவின் செய்தி:
'ஒரே ராத்திரியில் நாலு பில்டு. ஏன்?'
'ஒரு புள்ளி' என்று அடித்தேன். அழித்தேன்.
'நெட்வொர்க் பிரச்சினை' என்று அனுப்பினேன்.
முக்கால்வாசி உண்மைதான்.

பிறகு லேப்டாப் வெளிச்சத்தில் உட்கார்ந்து
காவல்காரனுக்கு மூன்று வரி எழுதினேன்.
குறிப்பு மட்டும் மாறினால் எழாதே.
வந்த கோப்பே திரும்ப வந்தால் ரேகை ஒத்துப் பார், எழாதே.
பாதியில் அறுந்து வந்ததைத் தொடாதே.
புள்ளி ஒவ்வொன்றையும் விரல் வைத்துச் சரிபார்த்தேன்.
நல்ல வரிகள். மீட்டிங்கில் காட்டலாம்.

அனுப்பினேன்.

எழுந்துகொண்டான்.
கிட்டங்கியில் மூன்று வரி மாறியிருக்கிறதே.
எழாதே என்ற சொல்லைக் கேட்கவும்
எழத்தானே வேண்டும்.

மும்பையில் ஐந்தாவது, கண் விழித்துக்கொண்டிருந்தது.
பதினாலு நிமிஷம்.
கொடியிலிருந்து கயிற்றை அவிழ்த்து
தகரக் கதவைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினேன்.